ரசாக் பாய்க்கு நான் அடித்த நீலம்

நான் கெடுக்கவில்லை பாய். சுத்தம் செய்தேன். கெடுப்பது வேறு, சுத்தம் செய்வது வேறு. தை பிறந்தால் மனிதன் வீட்டுக்கு வெள்ளையடிப்பான், மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசுவான். நான் என் கழனியில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டாய்க்கு நீலம் அடித்தேன். இதில் குற்றம் எங்கே வந்தது? பெயிண்ட் கொடுத்தது யார்? பிரஷ் கொடுத்தது யார்? “ரெண்டு கோட் அடி” என்று சொன்னது யார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா?

பதில் வராது என்று தெரியும். ரசாக் பாய் போய் இன்றோடு இருபத்தேழு நாள். ஆனாலும் தினமும் காலையில் பால் கறந்து முடித்ததும் இந்தச் சண்டையைத்தான் முதலில் ஆரம்பிக்கிறேன். உயிரோடு இருந்தபோது இந்த நீலத்துக்காக ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர். இப்போதாவது முழுசாகக் கேட்கட்டும்.

பாகூர் கடைத்தெருவில் பெயிண்ட், ஆணி, பைப் விற்ற அப்துல் ரசாக்கை உங்கள் எல்லாருக்கும் தெரியும். கழுத்தில் கேமராவோடு ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் அலைந்து வயல்வெளியைப் படம் எடுத்த ரசாக்கைப் பாதிப் பேருக்குத் தெரியும். குருவிநத்தத்தில் என் கழனி வரப்பில் மூன்று செங்கல்லை ஊன்றி வைத்துவிட்டு ஒன்பது வருஷம் வந்துபோன ரசாக்கை எனக்குத்தான் தெரியும். அதனால்தான் அவர் மகள் நஸ்ரின், நாற்பதாம் நாளுக்கு அச்சடிக்கும் இந்தச் சின்னப் புத்தகத்தில் மாமாவும் எழுதவேண்டும் என்று நாலு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று. பள்ளிக்கூடம் என்னை ஏழாம் வகுப்போடு விட்டுவிட்டது. அதனால் எழுதியதை ஊர் வாத்தியாரிடம் கொடுத்தேன். பிழை திருத்திக் கொடுத்தார். நடுவில் ‘இமயம் சரிந்தது’ என்று அவர் சொருகியிருந்ததை மட்டும் நான் கோடு போட்டு அடித்துவிட்டேன். ரசாக் பாய் ஐந்தடி மூன்று அங்குலம்.

சேதி வந்த விதத்தைச் சொல்கிறேன். அன்று காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர் நம்பர். அவர் தாடிக்கு மருதாணி போடுகிற ஆள். அதை வைத்துக் கிண்டல் செய்யாமல் நான் பேச்சை ஆரம்பித்தது கிடையாது. எடுத்தவுடன் கேட்டேன்:

“இன்னா பாய், தாடிக்கு இன்னிக்கி எத்தினி கோட்?”

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். “மாமா, நான் நஸ்ரின் பேசறேன். அத்தா மௌத்தாயிட்டாங்க மாமா. விடியக்காலையில.”

என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. மாடு தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வாளியை உருட்டிக்கொண்டிருந்தது.

அன்றே லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நானும் மூன்று பிடி மண் போட்டேன். தலைக்கு நேர் மேலே வெயில். ஒவ்வொருவர் நிழலும் காலடியில் சுருண்டு கிடந்தது. ‘இந்த வெளிச்சத்துல போறீங்களே பாய்’ என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். உச்சி வெயில் அவருக்கு ஆகவே ஆகாது. பத்து மணிக்குமேல் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் கேமராவைப் பையிலிருந்து எடுக்க மாட்டார். “மேலருந்து அடிக்கிற வெளிச்சம் எல்லாத்தையும் தட்டிப் போட்டுடும்யா. மேடு, பள்ளம், வரப்பு, எல்லாம் சப்பாத்தி மாதிரி ஒண்ணாயிடும்” என்பார்.

எங்கள் முதல் சந்திப்பு தண்ணீரில் ஆரம்பித்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு மார்கழிக் காலை. பனி இன்னும் விலகவில்லை. நான் கழனிக்குப் போனேன். நாற்றங்கால் வரப்பில் ஒரு ஆள் குப்புறக் கிடக்கிறார். கால் இரண்டும் அகன்று கிடக்கிறது, முகம் புல்லில் புதைந்திருக்கிறது. வலிப்பு என்று நினைத்துவிட்டேன். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவர் கையில் திணித்தேன். கையை உதறினார். சரி, வலிப்பு முற்றிவிட்டது என்று மோட்டார் தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை மொண்டு வந்து தலையோடு ஊற்றினேன். மார்கழித் தண்ணீர். அலறிக்கொண்டு எழுந்தார். மார்போடு கேமராவை அணைத்துக்கொண்டிருந்தார்.

“யாருய்யா நீ?”

“கழனிக்காரன். நீங்க யாரு? இங்க ஏன் வந்து சாவறீங்க?”

“சாவலய்யா! படம் எடுக்கறேன்!”

“இன்னாத்த?”

புல் நுனியைக் காட்டினார். பனித்துளி. “கிட்டக்க இந்தப் பனி. அதுக்கு அப்புறம் நாத்து. அதுக்கு அப்புறம் தோ, அந்தக் கொட்டாய். கிட்டக்க ஒண்ணு, நடுவுல ஒண்ணு, தூரத்துல ஒண்ணு. கண்ணு ஒண்ணொண்ணா ஏறிப் போவணும், படிக்கட்டு மாதிரி. நின்னுக்கினு எடுத்தா பனி எப்பிடிய்யா வுழும்?”

சட்டையால் கேமராவைத் துடைத்தார். அப்புறம் நான் ஊற்றிய தண்ணீர் புல்லில் தொங்குவதைப் பார்த்தார். மறுபடி படுத்துக்கொண்டார். “பனிய வுட இதான் பெரிய துளியா இருக்குது” என்றார். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. கோபம் வந்தும் விடாமல் வேலையைப் பார்க்கிற மனிதர் என்று அன்றே தெரிந்துகொண்டேன். நான் போய் டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவருடைய டிவிஎஸ் வண்டிச் சத்தம் வாரத்துக்கு இரண்டு நாள் கேட்க ஆரம்பித்தது. கடை திறப்பது ஒன்பது மணிக்கு. விடியலில் வந்து எட்டரைக்குள் போய்விடுவார். கையில் எப்போதும் ஒரு பெயிண்ட் ஷேடு அட்டை இருக்கும். வீட்டுக்கு எந்தக் கலர் அடிக்கலாம் என்று கடையில் காட்டுவார்களே, அந்த அட்டை. நடுவில் பிளேடால் செவ்வகமாக ஒரு ஓட்டை போட்டிருப்பார். கேமராவை எடுக்கும் முன்பு அந்த ஓட்டை வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு கால்மணி நேரம் பார்ப்பார். ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னார். நான் ஓட்டையைப் பாதிக்குப் பாதியாக வைத்தேன். மேல் பாதி வானம், கீழ்ப் பாதி கழனி. யாருக்கும் வஞ்சனை இல்லாமல்.

“இன்னாய்யா இது, பாகம் பிரிக்கிறியா? சரிபாதியாக் குடுத்தா அண்ணன் தம்பி மாதிரி ரெண்டும் முறைச்சிக்கினு நிக்கும். ஒருத்தனுக்கு ரெண்டு பங்கு, ஒருத்தனுக்கு ஒரு பங்கு குடு.”

“யாருக்கு ரெண்டு பங்கு?”

“இன்னிக்கி யாரு நல்லா இருக்கானோ அவனுக்கு. மேகம் இருந்தா வானத்துக்குக் குடு. வெறும் வானமா இருந்தா கழனிக்குக் குடு.”

“இந்த நாயம் தெரிஞ்சிருந்தா எங்கப்பா எனக்கே ரெண்டு பங்கு குடுத்திருப்பாரே பாய். எங்கண்ணன் மூஞ்சில மேகமே கெடயாது.”

சிரித்தார். சிரிக்கும்போது அவருக்குச் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

அவருக்கு என் கழனியில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். என் அப்பா செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மோட்டார் கொட்டாய். தெற்குச் சுவர் முழுக்கப் பாசி. மழை பெய்தால் பச்சை, வெயில் காய்ந்தால் கறுப்பு. பூச்சு உதிர்ந்து அங்கங்கே செங்கல் தெரியும். நான் அதை அசிங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்க்கத்தான் பாகூரிலிருந்து வந்தார். காலைச் சூரியன் கிழக்கிலிருந்து சுவரைச் சுரண்டிக்கொண்டு போகிற மாதிரி விழும். அப்போது ஒவ்வொரு பொத்தலுக்கும் நிழல் விழும். “பக்கவாட்டுல வர்ற வெளிச்சம்தான்யா செவுத்தோட வயசச் சொல்லும். நேரா அடிச்சா பொய் சொல்லும்” என்பார்.

ஒரே இடத்தில் நின்று, சித்திரையிலிருந்து பங்குனி வரைக்கும், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படம். அதுதான் அவருடைய எண்ணம். கழனி மாறும், வானம் மாறும், கொட்டாய் மட்டும் அப்படியே இருக்கும். அதற்காகத்தான் மூன்று செங்கல். கேமரா வைக்கிற முக்காலியின் கால் ஒவ்வொன்றும் ஒரு செங்கல்லின் மேல் நிற்கும். ஒரு வருஷத்தில் முடிகிற வேலை என்று நான் நினைத்தேன். எட்டு வருஷத்தில் பதினொரு மாதம்தான் முடிந்தது. ஒரு ஆடிக்காக மூன்று ஆடி காத்திருந்தார். “மேகம் சரியில்ல” என்பார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

என் குறும்பு சும்மா இருக்குமா? ஒருநாள் ஒரு செங்கல்லை ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டு மாட்டுக்குப் புல் அறுப்பதுபோல உட்கார்ந்துகொண்டேன். வந்தார். முக்காலியை வைத்தார். கேமராவின் பின்பக்கம் பார்த்தார். எழுந்தார். கொட்டாயைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

“தணிகாசலம், உன் கொட்டாய் நவுந்துட்டுச்சா?”

“இல்லியே பாய்.”

“தென்னமரம் கொட்டாயோட ஒட்டிக்கிச்சிய்யா. நேத்து வரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல வானம் தெரிஞ்சிது. இன்னிக்கி மரம் கூரையிலேருந்து மொளைச்ச மாதிரி இருக்குது.” அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். “அடப்பாவி.”

ஒரு சாண் செங்கல்லுக்கு அவ்வளவு கணக்கு. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. படம் எடுக்கும் முன்பு என் கழனியில் இறங்கிக் குப்பை பொறுக்குவார். பால் பாக்கெட், பிளாஸ்டிக் பை, உர மூட்டைச் சாக்கு. “ஒரே ஒரு வெள்ளப் பை போதும்யா. கண்ணு மொதல்ல பளிச்சுன்னு இருக்கறதுகிட்டத்தான் போவும். மொத்தக் கழனியையும் அது தின்னுடும்.” நானும் அதற்காகவே குப்பையைப் பொறுக்காமல் அவருக்கு விட்டு வைப்பேன். கூலியில்லாத ஆள் யாருக்குக் கிடைக்கும்?

இதையெல்லாம் காதால் கேட்டவன்தான் நான். கேட்டுவிட்டும் செய்தேன் பாருங்கள், அதைச் சொல்கிறேன்.

பாக்கி நின்றது தை மட்டும். தையில் என் கழனி நவரைப் பருவத்து நெல் நடவுக்குத் தண்ணீர் கட்டி நிற்கும். கொட்டாய் தண்ணீரில் தலைகீழாக விழும். பனி விலகுகிற நேரமும் சூரியன் எழுகிற நேரமும் காற்றில்லாத நேரமும் ஒன்றாகச் சேர வேண்டும். ஒரு தையில் பனி விலகவே இல்லை. ஒரு தையில் நஸ்ரினுக்குக் கல்யாணம். ஒரு தையில் என் டிராக்டர் கழனி நடுவில் நின்றுவிட்டது. சாவி என் மருமகன் சட்டைப் பையோடு மடுகரைக்குப் போய்விட்டது. அன்று அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கலாம்.

போன வருஷத்துக்கு முந்தைய மார்கழியில் ஒரு சந்தோஷத்தோடு வந்தார். பாண்டியில் ஒரு கண்காட்சியில் பன்னிரண்டு படத்தையும் மாட்டப்போகிறார்களாம். தை மட்டும் முடிந்தால் போதுமாம். படம் மாட்டிய பிறகு அதைப் பார்த்தவர்கள் இடத்தையும் பார்க்க வருவார்கள் என்றார்.

அவர் அதைச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாண்டிக்காரர்கள் வந்து பார்க்கும்போது என் அப்பா கட்டிய கொட்டாய் பிச்சைக்காரன் மாதிரி நிற்பதா? பொண்ணு பார்க்க வரும்போது பொண்ணைக் குளிப்பாட்டாமல் விடுவோமா? அவருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும், சொல்லாமல் செய்வோம் என்று முடிவுகட்டினேன். பெயிண்ட் எங்கே வாங்குவது? வேறு கடைக்குப் போனால் அது துரோகம் இல்லையா? அவர் கடைக்கே போனேன்.

“இன்னாய்யா, பொங்கலுக்கு வூட்டுக்கா?”

“வூட்டுக்கு இல்ல பாய். வேண்டப்பட்ட ஒருத்தருக்கு.”

“உள் செவுரா, வெளிச் செவுரா?”

“வெளி.”

“பாசி இருக்குதா?”

“எக்கச்சக்கமா.”

கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். தொழில் என்று வந்தால் அவருக்குத் தனி உற்சாகம். “அப்ப நல்லா கேட்டுக்க. கம்பி பிரஷ் போட்டுத் தேய். ஒரு பொட்டு நிக்கக் கூடாது. அப்புறம் பொத்தலயெல்லாம் சிமெண்ட் வெச்சி அடை. ஒரு நாள் காய வுடு. பிரைமர் ஒண்ணு. அது மேல ரெண்டு கோட். ஒண்ணோட நிறுத்தினியோ, ரெண்டே மழையில பாசி திரும்பி வந்துடும்.”

“திரும்பி வரவே கூடாது பாய்.”

“அப்ப இத எடுத்துக்க. ஏழு வருசம் அசையாது.”

எந்தக் கலர் என்று அட்டையை நீட்டினார். வானத்து நீலத்தைத் தொட்டேன். அவருக்கு வானம் பிடிக்கும் என்று. “நல்ல கலரு” என்றார். டின்னைச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

நான் வாழ்க்கையில் யார் சொன்னதையும் அப்படியே செய்தது கிடையாது. இதைச் செய்தேன். ஒரு பொட்டுப் பாசி இல்லாமல் தேய்த்தேன், பொத்தலை அடைத்தேன், இரண்டு கோட் அடித்தேன்.

மாட்டுப் பொங்கல் காலை. காற்றில்லை. பனி மெல்ல விலகுகிறது. நான் புது வேட்டி கட்டிக்கொண்டு கொட்டாய் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறேன். அவர் மூன்று செங்கல்லில் முக்காலியை வைத்துவிட்டுக் குனிந்திருந்தார். பனிக்குள்ளிருந்து கொட்டாய் வெளியே வந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு நீலம், தண்ணீருக்குள் ஒரு நீலம். கல்யாண மண்டபம் மாதிரி பளபளவென்று. அவர் நிமிர்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் திட்டுவார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பாராட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன்.

“எத்தினி கோட்?” என்று கேட்டார்.

“ரெண்டு பாய். நீங்க சொன்ன மாதிரியே.”

தலையை ஆட்டினார். முக்காலியை மடக்கினார். ஒரு படம்கூட எடுக்கவில்லை. வண்டிச் சத்தம் ஆற்றங்கரைப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கழனியில் பொறுக்குகிற அந்த வெள்ளைப் பையை, நான் கொட்டாய் அளவுக்குப் பண்ணி நட்டு வைத்துவிட்டேன்.

பதினொரு படத்தோடு கண்காட்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதை நஸ்ரின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டு வருஷம் அவர் காத்திருந்ததை நான் மூன்று நாளில் தேய்த்து எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு வண்டிச் சத்தம் வரவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனேன். தேவையில்லாத ஆணி கொஞ்சம் வாங்கினேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். “வேற?” என்றார். அறிமுகம் இல்லாத ஆளிடம் கேட்கிற அதே ‘வேற’. அவர் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

“அடிச்ச பெயிண்ட்ட எடுக்கறதுக்கு இன்னா போடணும் பாய்?”

“எடுக்க முடியாது. எடுக்க முடியாதுன்னுதான் அத விக்கறேன். வேற?”

யாரோ சொன்னார்கள், மோர் ஊற்றினால் பாசி பிடிக்கும் என்று. சாணியைக் கரைத்து அதில் மோரைக் கலந்து தினமும் சுவரில் வீசினேன். என் மருமகள் செல்வி வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “மனுசன் கேட்டா மோரு இல்ல, செவுத்துக்கு மட்டும் ஊத்துவீங்களா? ஊரே சிரிக்குது மாமா.” ஊர் சிரித்தது உண்மை. புரட்டாசி மழை, ஐப்பசி மழை, எல்லாம் பெய்தது. சாணி கழுவிக்கொண்டு போயிற்று. நீலம் முன்பைவிடப் பளிச்சென்று நின்றது. மனுஷன் நல்ல சரக்குத்தான் கொடுத்திருந்தார்.

நடுவில் ஆடி மாதத்தில் அவருக்கு நெஞ்சுவலி. பாண்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய் வாசலில் நின்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்த அறைச் சுவர் நீலம். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பக்கச் சுவரும் நீலம்தான். கண்ணை மூடிக்கொண்டார். பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் முதலில் சிரிப்பு வந்தது. பாகூர் வருவதற்குள் அது நின்றுவிட்டது. இந்த மனிதர் என்னை மன்னிக்காமலேயே போய்விடுவாரோ என்ற பயம் அன்றுதான் பிடித்தது.

ஆனால் பாக்கி நின்ற தை மாதப் படத்தை இந்தத் தையில் எடுத்துவிட்டார். அதை நஸ்ரின் பெரிதாகப் போட்டுக் கொண்டுவந்து காட்டியது. நாற்பதாம் நாளன்று நீங்களும் பார்ப்பீர்கள். மற்ற பதினொன்றும் தெற்கு வரப்பிலிருந்து எடுத்தவை. இது மட்டும் மேற்கு வரப்பிலிருந்து, சூரியனுக்கு நேர் எதிரே நின்று எடுத்தது. கொட்டாய்க்குப் பின்னால் சூரியன் எழுகிறது. தண்ணீர் முழுக்கப் பொன். கொட்டாய் கன்னங்கரேல் என்று நிற்கிறது. நீலமும் இல்லை, பாசியும் இல்லை. என் அப்பா கட்டிய அதே கூரைக் கோணல் மட்டும். இதை எப்படி எடுத்தார் என்று பாண்டிக்காரர்கள் நஸ்ரினைக் கேட்டார்களாம். வெளிச்சத்தை எதிரே வைத்துக்கொண்டு கேமராவில் வானத்து வெளிச்சத்துக்கு மட்டும் அளவு வைத்தால் முன்னால் இருப்பது இருட்டிவிடும். கற்றுக்கொண்டவர்களுக்கு அது பெரிய வித்தை இல்லையாம். ஒன்பது வருஷம் நின்ற செங்கல்லை விட்டு எழுந்து அந்தப் பக்கம் போகிறதுதான் வித்தை. அதை நான் பார்த்தேன்.

படம் குடும்பத்துக்குச் சொந்தம். கேமரா பேத்திக்கு என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் இருப்பது அவரிடம் ஆரம்பித்து முடிக்காமல் நின்றுபோன ஒரு பேச்சு. வாயாடி என்று பெயர் எடுத்தவன் நான். என்னிடம் மிச்சம் நிற்கிற பேச்சு அது ஒன்றுதான். இதில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அது அவருக்கு எதிரே நின்று சொல்ல வேண்டியது. அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் படம் எடுத்த அன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவர் போவதற்குப் பத்து நாள் முன்பு. பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறேன், வரப்பில் டிவிஎஸ் நிற்கிறது. ஓடினேன். இந்த வயதில் எனக்கு ஓடத் தெரியும் என்று எனக்கே தெரியாது. மனிதர் இளைத்துப்போய் இருந்தார், சட்டை தோளில் தொங்கியது. அட்டை ஓட்டை வழியாகக் கொட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

“யோவ், இன்னாய்யா பெயிண்ட் அது? ஒரு வருசம் மழையில ஒரு பொட்டு போவல.”

“நீங்க குடுத்ததுதான்.”

“மோரு ஊத்தினியாமே?”

“யாரு சொன்னா?”

“பாகூர் முழுக்கத் தெரியும்யா.”

தோள் குலுங்கியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குலுங்கலைப் பார்க்கிறேன். இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று ஆரம்பித்தேன்.

“பாய், நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி நான் செஞ்சது...”

“ம்.”

“வேணும்னு செய்யல. எங்கப்பா அந்தச் செவுத்தக் கட்டறப்ப நான் சுண்ணாம்பு கொழச்சவன் பாய். பாண்டிலேருந்து ஆளுங்க வருவாங்கன்னு நீங்க சொன்னீங்க இல்ல, அதக் கேட்டதும் எனக்கு...”

அவர் முகம் என் பக்கம் இருந்தது. கண் என் தலைக்கு மேலே போய்விட்டது. கொட்டாய்க்குக் கிழக்கே பனி சிவக்க ஆரம்பித்திருந்தது. கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டார்.

“அதுக்காக நான் இன்னா சொல்ல வர்றன்னா பாய்...”

“சொல்லு, சொல்லு” என்றார். சொல்லிக்கொண்டே வரப்பிலிருந்து தண்ணீரில் இறங்கி, மேற்கு வரப்பைப் பார்த்து, அலை எழும்பாமல், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.